நானூற்றி இருபதுக்கு வேலை போனது

2024 ஜூலை 1-ஆம் தேதி பிறந்த நள்ளிரவில் இந்தியாவின் மிகப் பிரபலமான வசைச்சொல் ஒன்று அநாதையானது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-வது பிரிவு அன்றோடு ஓய்வு பெற்றது. அதன் இடத்தில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் மோசடிக்கான பிரிவின் எண் 318. பழைய 420 செய்துவந்த வேலையை இப்போது 318-இன் நான்காவது உட்பிரிவு செய்கிறது. காலியான 420-ஐ வேறு ஏதாவது குற்றத்துக்குக் கொடுத்துவிட்டார்களா என்று தேட வேண்டியதில்லை. புதிய சட்டத்தில் மொத்தமே 358 பிரிவுகள்தான். பழையதில் 511 இருந்தன.

தில்லிக்காரர்கள் இதைச் சட்டை செய்ததாகத் தெரியவில்லை. ஆட்டோ மீட்டர், பழக்கடைத் தராசு, வாடகை வீட்டு அட்வான்ஸ் என்று எந்தத் தகராறிலும் 'சார் சௌ பீஸ்' என்ற வசை முன்போலவே வந்து விழுகிறது. 'தீன் சௌ அட்டாரா' என்று யாரும் திட்டுவதில்லை. திட்டினாலும் வாங்கிக்கொள்பவருக்குப் புரியாது. புரியாத வசையால் யாருக்கு என்ன லாபம்?

சட்டப் பிரிவுகளின் எண்கள் மக்கள் வாயில் புழங்குவது புதிதல்ல. கொலை என்றால் 302, கூட்டம் கூடத் தடை என்றால் 144. ஆனால் இவை காரியத்தின் பெயராகவே நின்றுவிட்டன. யாரும் எதிரியைப் பார்த்து 'நீ ஒரு 302' என்று சொல்வதில்லை. 420 மட்டும்தான் குற்றத்திலிருந்து குற்றவாளிக்குத் தாவி ஆளின் பெயராயிற்று. பிறகு அவன் குணத்துக்கும் பெயராகி, இந்தியில் 'சார் சௌ பீஸி' என்றும் தமிழில் 'போர்ட்வென்ட்டித்தனம்' என்றும் பண்புப்பெயர் விகுதியைக்கூடச் சேர்த்துக்கொண்டது. எண்ணுப்பெயர் ஒன்று இப்படிப் பண்புப்பெயராவதற்கு இலக்கண நூல்களில் விதி தேடினால் கிடைக்காது.

இதற்குச் சினிமாவும் ஒரு காரணம். 1955-இல் ராஜ் கபூர் எடுத்த படம் 'ஸ்ரீ 420'. நேர்மைக்காகப் பெற்ற பதக்கத்தோடு அலகாபாத்திலிருந்து பம்பாய்க்கு வரும் இளைஞன், பணக்காரர்களின் மோசடிக் கும்பலில் சிக்குகிற கதை. தலைப்பின் விஷமம் எண்ணில் இல்லை, அதன் முன்னால் நிற்கிற 'ஸ்ரீ'யில் இருக்கிறது. திருவாளர் மோசடி. சுதந்திரம் வந்து எட்டே ஆண்டுகளில் கோட்டு சூட்டு போட்ட மரியாதைக்குரிய ஏமாற்றுக்காரர்கள் பெருகிவிட்டதை இரண்டே சொல்லில் சொன்ன தலைப்பு அது.

42 ஆண்டுகள் கழித்து அந்த எண் இன்னொரு முறை தலைப்பேறியபோது ஒரு தமிழர் சம்பந்தப்பட்டிருந்தார். கமல்ஹாசனின் 'அவ்வை சண்முகி' 1996-இல் வந்தது. அதை அவரே இந்தியில் இயக்கி 1997-இல் 'சாச்சி 420' என்று வெளியிட்டார். ஒரே கதை, ஆனால் தலைப்பை மொழிபெயர்க்க முடியாது. ஆண் ஒருவர் பெண் வேடம் போடுகிறார் என்பதைத் தமிழ் ரசிகருக்கு உணர்த்த, அவ்வையார் வேடத்தால் புகழ்பெற்ற நாடக நடிகர் டி.கே. சண்முகத்தின் நினைவு போதுமானதாக இருந்தது. இந்தி ரசிகருக்கு அந்த நினைவு கிடையாது. அவருக்கு 420 போதும். சித்தி அசல் சித்தி அல்ல என்று டிக்கெட் வாங்கும்போதே தெரிந்துவிடும்.

இவ்வளவு பேர் பயன்படுத்துகிற இந்தச் சொல்லுக்குச் சட்டம் வைத்திருந்த அர்த்தம் என்ன? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837-இல் வரைவைக் கொடுத்தது. சட்டம் நிறைவேறியது 1860-இல். 1862 ஜனவரி 1 முதல் அமல். ஒருவரை ஏமாற்றி, அதன் மூலம் அவர் தன் சொத்தைக் கொடுக்கும்படி 'நேர்மையற்ற முறையில்' தூண்டுவதே 420-வது பிரிவு சொன்ன குற்றம். ஏழு ஆண்டுகள் வரை சிறை, அபராதம். 'நேர்மையற்ற முறையில்' என்ற தொடரை 24-வது பிரிவு தனியாக விளக்கியது. ஒருவருக்கு முறையற்ற ஆதாயம் அல்லது இன்னொருவருக்கு முறையற்ற நட்டம் உண்டாக்கும் நோக்கத்துடன் செய்வது எதுவோ, அதுதான் நேர்மையற்றது. மனசாட்சி, தர்மம், பாவம் எதுவும் இந்த விளக்கத்தில் இல்லை. கணக்குப்பிள்ளை எழுதியது போல வரவும் செலவும்தான் இருக்கின்றன. புதிய சட்டமும் இந்த விளக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டுவிட்டது. (பக்கத்து வீட்டுக்காரரான 25-வது பிரிவு இன்னும் வேடிக்கை. மோசடி செய்யும் நோக்கத்தோடு செய்தால்தான் மோசடியாகச் செய்ததாகும், மற்றபடி இல்லை என்றது அது. அகராதிக்காரர்கள் பொறாமைப்பட வேண்டிய வரையறை.)

மக்கள் மொழியில் நேர்மையின்மை இவ்வளவு வறண்ட விஷயம் அல்ல. தில்லியில் அதற்குப் பெயர் 'பேயிமானி'. ஈமான் என்ற அரபுச் சொல்லுக்கு இறைநம்பிக்கை என்று பொருள். அது இல்லாதவன் என்று சொல்லப் பாரசீகத்தின் 'பே' முன்னால் சேர்ந்தது. தமிழ் முஸ்லிம் வீடுகளில் ஈமான் என்றால் இன்றும் மார்க்க நம்பிக்கைதான். தில்லிக் காய்கறிச் சந்தையில் அது எடைக்கல்லைப் பற்றிய கேள்வி. இந்து வியாபாரி இந்து வாடிக்கையாளரிடம் 'என் ஈமான் மேல் ஆணை' என்கிறார், யாருக்கும் விநோதமாகத் தோன்றுவதில்லை.

தமிழ் வேறு வழியில் போனது. தமிழில் நேர்மையானவர் 'நாணயமானவர்'. பணத்தைக் குறிக்கிற சொல்லே அந்தப் பணத்தைத் தின்னாதவரின் குணத்தையும் குறிக்கிறது. சுண்டினால் கணீரென்று ஒலிக்கிற காசு போன்ற மனிதர். கடன் கொடுத்து வாங்கிய சமூகத்தின் பார்வை இது. 'நாணயம் தவறிவிட்டான்' என்றால் கடவுளுக்குத் துரோகம் செய்தான் என்று அர்த்தம் இல்லை, சொன்ன தேதியில் பணம் வரவில்லை என்று அர்த்தம். இன்னொரு சொல்லும் கவனிக்கத் தக்கது. 'மோசம்' என்றால் முன்பு வஞ்சகம். 'மோசம் போனேன்' என்று இன்றும் சொல்கிறவர்கள் அந்தப் பழைய பொருளில்தான் சொல்கிறார்கள். ஆனால் 'ரோடு மோசம்', 'சாப்பாடு மோசம்' என்று அது தேய்ந்து, ஏமாற்றுவதெல்லாம் கெட்டது என்பதிலிருந்து கெட்டதெல்லாம் மோசம் என்றாகிவிட்டது. வள்ளுவர் பயன்படுத்திய 'படிறு' கல்லூரி வகுப்பறையைத் தாண்டி வெளியே வருவதே இல்லை. காலியான இடத்தைத்தான் போலீஸ் ஸ்டேஷன் நிரப்பியது. 'கேடி' என்ற சொல்லைக் கேடு என்ற தமிழ்ச் சொல்லின் பிள்ளை என்று பலர் நினைக்கிறார்கள். அது போலீஸ் பதிவேட்டில் பழைய குற்றவாளிகளைக் குறித்த இரண்டு ஆங்கில எழுத்துக்கள். திவாலானவர் 'ஐ.பி. கொடுத்தார்' அல்லது 'மஞ்சக் கடுதாசி நீட்டினார்'. இந்த வரிசையில்தான் 'போர்ட்வென்ட்டி'யும் வந்து உட்கார்ந்தது.

அது உட்கார்ந்ததில் ஒரு நியாயமும் இருந்தது. ஏமாற்றுவதைச் சொல்லும் இந்திய மரபுத்தொடர்களைக் கொஞ்சம் வரிசையாக நினைத்துப் பாருங்கள். தமிழில் நாமம் போடுகிறார்கள், காதில் பூ சுற்றுகிறார்கள், தலையில் மிளகாய் அரைக்கிறார்கள், மொட்டை அடிக்கிறார்கள். இந்தியில் தொப்பி அணிவிக்கிறார்கள், சுண்ணாம்பு பூசுகிறார்கள். எல்லா அலங்காரமும் ஏமாந்தவருக்குத்தான். ஏமாற்றியவர் சட்டை கசங்காமல் நிற்கிறார். தமிழில் 'ஏமாளி' என்ற சுருக்கமான, கேலியான சொல் பணத்தை இழந்தவருக்கு இருக்கிறது. எடுத்துக்கொண்டவருக்கு 'ஏமாற்றுக்காரர்' என்று நீட்டி முழக்க வேண்டியிருக்கிறது. 'ஏமாந்துட்டான்' என்று சொல்லும்போது ஏதோ அவனே வேலை மெனக்கெட்டு அதைச் செய்துகொண்டது போன்ற ஒலி. ஏமாந்தவர்கள் வெளியே சொல்ல வெட்கப்படுவதில் என்ன ஆச்சரியம்? அண்மை ஆண்டுகளில் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று சொல்லி, போலீஸ் சீருடையில் வீடியோவில் தோன்றி முதியவர்களின் சேமிப்பைக் கறந்த கும்பல்களுக்கு இந்த வெட்கம் நன்றாகவே உதவியது. அப்படி ஒரு கைது சட்டத்தில் இல்லை என்று 2024 அக்டோபரில் பிரதமர் வானொலியில் சொல்ல வேண்டியிருந்தது.

420 இதற்கு விலக்கு. அது ஏமாந்தவரைத் தொடவே தொடாது. நேராகப் போய் ஏமாற்றியவர் மேல் ஒட்டும். கோபத்தோடு சொல்லலாம், எழுதப் படிக்கத் தெரியாதவரும் சொல்லலாம், சொன்ன மாத்திரத்தில் சட்டமே பக்கத்தில் வந்து நிற்பது போன்ற ஒரு தெம்பு.

அந்தத் தெம்பில்தான் ஆபத்தும் இருந்தது. கடனைத் திருப்பித் தராதவரெல்லாம் 420 என்று ஊர் முடிவுகட்டியது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 415-வது பிரிவின் கீழ் ஒரு உதாரணம் தரப்பட்டிருந்தது. ஒருவர் அவுரிச் செடி தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்குகிறார். வாங்கும்போதே தரும் எண்ணம் இல்லை என்றால் அது ஏமாற்று. வாங்கும்போது தரத்தான் நினைத்தார், பிறகு வாக்குத் தவறினார் என்றால் அது ஏமாற்று அல்ல, சிவில் வழக்கு மட்டுமே. ஒரே அவுரி, ஒரே பணம், ஒரே நட்டம். ஒருவர் சிறைக்கும் இன்னொருவர் சிவில் கோர்ட்டுக்கும் போவதை முடிவு செய்வது முதல் நாள் அவர் மனதில் என்ன இருந்தது என்பது. 2000-ஆம் ஆண்டில் பீகார் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. (அவுரிச் சாகுபடி போய், அதைப் பயிரிடச் சொல்லி அடித்த வெள்ளைக்காரர்களும் போய், எண்ணும் போனபிறகு, அவுரி மட்டும் புதிய சட்டத்தின் உதாரணத்தில் பத்திரமாக இருக்கிறது.)

இந்த வித்தியாசம் போலீஸ் ஸ்டேஷன்களுக்கு எட்டவில்லை என்பதற்குத் தில்லியிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. லோக் கல்யாண் மார்க் பக்கத்தில், பிரதமர் வீட்டுக்கு அண்டையில் குதிரை ஓட்டுகிற டெல்லி ரேஸ் கிளப், குதிரைத் தீவனமும் ஓட்ஸும் வாங்கிய வகையில் ஒன்பது லட்சம் ரூபாய்க்கு மேல் பாக்கி வைத்ததாக உத்தரப் பிரதேசத்து வியாபாரி ஒருவர் புகார் செய்தார். புகாரில் நம்பிக்கை மோசடிக்கான 406, ஏமாற்றுக்கான 420, கூட்டுச் சதிக்கான 120-பி எல்லாம் இருந்தன. குர்ஜாவில் மாஜிஸ்டிரேட் சம்மன் அனுப்பினார். அலகாபாத் உயர் நீதிமன்றம் தலையிட மறுத்தது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தச் சம்மனை ரத்து செய்தது.

நீதிபதிகள் பர்திவாலாவும் மனோஜ் மிஸ்ராவும் சொன்ன காரணம் எளிமையானது. நம்பிக்கை மோசடி என்றால் பொருள் முதலில் நம்பிக்கையோடு ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும், பிறகு கெட்ட எண்ணம் வர வேண்டும். ஏமாற்று என்றால் கெட்ட எண்ணம் முதலிலேயே இருக்க வேண்டும். ஒரே சம்பவத்தில் இரண்டும் இருக்க முடியாது. தீவனத்தை விற்றாகிவிட்டது என்றால் அது வாங்கியவர் சொத்து. அங்கே ஒப்படைப்பு எங்கே வந்தது? பணம் பாக்கி என்றால் வசூலிக்க வழி வேறு. இத்தனை ஆண்டுகளாகியும் இந்த வேறுபாட்டை நீதிமன்றங்களே புரிந்துகொள்ளவில்லையே என்று வருந்திய நீதிபதிகள், தீர்ப்பின் நகலை மத்திய சட்டத்துறைக்கும் உள்துறைக்கும் அனுப்பச் சொன்னார்கள். அதற்கு ஏறக்குறைய எட்டு வாரங்களுக்கு முன்னால்தான் இரண்டு பிரிவுகளுமே எண் மாறியிருந்தன.

வாசகர்களில் பலர் இதைப் படித்துவிட்டு, தீவனம் விற்ற மனிதரின் பணம் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கடனாளியைக் கைது பண்ண வைத்தால்தான் பணம் வரும் என்ற அனுபவமே 420-ஐ இவ்வளவு தூரம் இழுத்து வந்தது. சிவில் வழக்கு பேரன் காலத்தில் முடியும் என்று ஊருக்கே தெரியும். ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. பயிர் கருகியதாலோ கடை நொடித்ததாலோ கொடுக்க முடியாமல் போனவர், கொடுக்கவே கூடாது என்று வாங்கியவரோடு ஒரே லாக்கப்பில் உட்கார வேண்டுமா? ஊர் வாயில் இரண்டு பேருக்கும் ஒரே எண்.

தமிழ்நாடு இந்தச் சொல்லின் பலவீனத்தை வேறு கோணத்தில் கற்றுக்கொண்டது. 1990-களில் நிதி நிறுவனங்கள் ஆசை காட்டும் வட்டிக்கு டெபாசிட் வாங்கி ஷட்டரை இழுத்து மூடியபோது, ஓய்வூதியப் பணத்தைப் போட்டவர்கள் தெருவில் நின்றார்கள். 420 ஆளைப் பிடிக்கும், பணத்தைப் பிடிக்காது. 1997-இல் முதலீட்டாளர் பாதுகாப்புக்கென மாநில அரசு தனிச் சட்டம் கொண்டுவந்து, நிறுவனத்தின் சொத்துக்களைப் பறிமுதல் செய்து பட்டுவாடா செய்ய வழி வகுத்தது. 2011-இல் உச்ச நீதிமன்றமும் அதைச் செல்லும் என்றது.

தில்லிக்குத் திரும்பினால், ஏமாற்றுக்கு அந்த ஊர் வைத்திருக்கிற இன்னொரு பெயரின் கதை இதைவிட விசித்திரம். இந்தியில் 'டக்' என்றால் வஞ்சகன். சமஸ்கிருத 'ஸ்தக'விலிருந்து வந்தது. கிஷோர் குமார் நடித்த 'தில்லி கா டக்' 1958-இல் வந்தபோது யாரும் கொலைகாரனை எதிர்பார்த்துப் போகவில்லை. ஆனால் 1830-களில் வழிப்போக்கர்களைக் கழுத்தை நெரித்துக் கொன்ற கூட்டங்களை ஸ்லீமன் என்ற அதிகாரி வேட்டையாடியபோது, சொல் ஆங்கிலத்துக்குப் போய் 'தக்' ஆயிற்று. அங்கே வஞ்சகம் கழன்று முரட்டுத்தனம் ஒட்டிக்கொண்டது. மெக்காலே சட்டமும் 310-வது பிரிவில் கொலையோடு கொள்ளை அல்லது பிள்ளை பிடிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவனுக்கே அந்தப் பெயரைக் கொடுத்து, 311-இல் ஆயுள் தண்டனை விதித்தது. ஆக, சாந்தினி சௌக்கில் மட்டமான துணியை விற்றவனை வாடிக்கையாளர் 'டக்' என்பார், சட்டப்படி அவன் 420. சட்டப்படி 'தக்' என்றால் அவன் கழுத்தை நெரிப்பவன். 2023-இல் நாடாளுமன்றம் புதிய சட்டத்தை நிறைவேற்றியபோது அந்த இரண்டு பிரிவுகளையும் கைவிட்டுவிட்டது. 2025-இல் மணிரத்னம் படத்தின் தலைப்பாகத் தமிழுக்கு வந்து சேர்ந்தது லண்டன் போய்த் திரும்பிய சொல்தான்.

ஆள் பெயரே சொல்லாகிவிட்டதும் உண்டு. தாஜ்மகாலையும் செங்கோட்டையையும் குடியரசுத் தலைவர் மாளிகையையும் விற்றதாகக் கதை சொல்லப்படும் பீகார்க்காரர் நட்வர்லால், 1996 ஜூனில், 84 வயதில் என்கிறார்கள், சிகிச்சைக்காகக் கான்பூர் சிறையிலிருந்து அழைத்துவரப்பட்டபோது புதுதில்லி ரயில் நிலையத்தில் காவலர்களிடமிருந்து மறைந்துபோனார். இன்று எந்தப் பெரிய மோசடியும் இந்திப் பத்திரிகைகளில் 'நட்வர்லாலின் வேலை' ஆகிவிடுகிறது. கிருஷ்ணனின் திருநாமங்களில் ஒன்று இந்தக் கதிக்கு ஆளானதைப் பற்றி பக்தர்கள் யாரும் புகார் சொல்லவில்லை.

இந்தச் சொற்களை எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம், சன்சத் மார்க்கில் உள்ள ஒரு கட்டடத்தைத் தவிர. 2022 ஜூலையில், மழைக்காலக் கூட்டத்தொடருக்குச் சில நாட்கள் முன்பு மக்களவைச் செயலகம் வெளியிட்ட தொகுப்பில் பொய், ஊழல்வாதி, ஏமாற்றப்பட்டோம், நம்பிக்கைத் துரோகம், முதலைக் கண்ணீர் ஆகியவற்றுக்கான ஆங்கில, இந்திச் சொற்கள் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டவையாக இருந்தன. எதிர்க்கட்சிகள் கொதித்தன. எந்தச் சொல்லும் தடை செய்யப்படவில்லை, சந்தர்ப்பத்தைப் பொறுத்தே நீக்கப்படுகிறது, 1954 முதலே இப்படித் தொகுக்கிறோம் என்று சபாநாயகர் ஓம் பிர்லா விளக்கினார். அதன் பழைய அச்சுப் பதிப்பு 1,100 பக்கங்கள் என்றும் சொன்னார். எல்லாக் கட்சிகளும் சேர்ந்து எழுதிய புத்தகம் என்று அதை எடுத்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டில் இந்தக் குழப்பம் வேறு மாதிரி. அமெரிக்காவில் 420 என்றால் கஞ்சா. 1971-இல் கலிபோர்னியாவின் சான் ரஃபேலில் பள்ளி மாணவர்கள் சிலர் மாலை 4:20-க்குக் கூடியதிலிருந்து வந்தது. மெக்காலேவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இலங்கையின் 1883-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டக்கோவையில் இதே குற்றத்தின் எண் 403. பாகிஸ்தானிலும் வங்கதேசத்திலும் 420 அப்படியே இருக்கிறது. சிங்கப்பூர், மலேசியா சட்டங்களும் இந்தியச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டவை. அங்கேயும் ஏமாற்றிச் சொத்தைப் பறித்தால் 420-வது பிரிவுதான், தண்டனை பத்து ஆண்டுகள் வரை. மலேசியாவில் பிரம்படியும் உண்டு.

இந்தியாவிலும் அந்த எண் ஒரேயடியாக மறைந்துவிடவில்லை. 2024 ஜூலைக்கு முன்பு நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும். தீஸ் ஹசாரியிலும் பட்டியாலா ஹவுஸிலும் எழும்பூரிலும் சைதாப்பேட்டையிலும் அந்த வழக்குகளின் கட்டுக்களில் இ.பி.கோ. 420 என்றுதான் எழுதியிருக்கிறது. அவை முடிகிறவரை நீதிமன்றச் சேவகர்கள் அதைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.